கூரையின் கீழ் ஒரு கணினி: சூரிய மின் இன்வேர்ட்டரை இற்றைப்படுத்துவது யார் பொறுப்பு?

2025 பெப்ரவரி 9 ஆம் திகதி ஞாயிற்றுக்கிழமை முற்பகல் 11 மணி கடந்த சிறிது நேரத்தில் நாடு முழுவதும் மின்சாரம் தடைப்பட்டமையை எவரும் மறந்திருக்க மாட்டார்கள். பாணந்துறை உப மின் நிலையத்தில் குரங்கொன்று மின் கட்டமைப்புடன் மோதியதே காரணம் என அறிவிக்கப்பட்டதும் நாட்டிலும் வெளிநாட்டிலும் அது நகைப்புக்குரிய விடயமாகியது. ஆயினும் அந்த நகைப்புக்கு அப்பால் ஒரு பாரதூரமான கேள்வி எழுந்தது. ஒரு மூலையில் ஏற்பட்ட ஒரு கோளாறு முழுத் தீவையும் இருளில் தள்ளும் அளவுக்கு எமது மின் வலையமைப்பு பலவீனமாக இருந்தது ஏன் என்பதே அக்கேள்வியாகும். அதற்கு அளிக்கப்பட்ட விளக்கங்களில் ஒன்று, அன்றைய தினம் மின் தேவை குறைவாகவும் சூரிய மின் உற்பத்தியின் பங்கு அதிகமாகவும் இருந்தது என்பதாகும். நுரைச்சோலை லக்விஜய அனல் மின் நிலையத்தின் மூன்று இயந்திரங்களும் செயலிழந்ததால் அடுத்து வந்த நாட்களிலும் சுழற்சி முறையில் மின்வெட்டு அமுலாகியது.

இரண்டு மாதங்களின் பின்னர், சித்திரைப் புத்தாண்டு விடுமுறைக் காலத்தில், கூரைமேல் சூரிய மின் தொகுதிகளை வைத்திருப்போர் பகல் 3 மணி வரை அவற்றைத் தாமாக நிறுத்தி வைக்குமாறு இலங்கை மின்சார சபை வேண்டுகோள் விடுத்தது. கடன்பட்டுத் தொகுதியைப் பொருத்திய பலருக்கு இது பெரும் அதிர்ச்சியாக இருந்தது. வெயில் எறிக்கும் வேளையில் வருமானத்தைத் தாமே நிறுத்த வேண்டுமா என்று அவர்கள் கேட்டனர். அக்கேள்வி நியாயமானதே. எனினும் அந்த வேண்டுகோளின் அடியில் இருந்த தொழில்நுட்பப் பிரச்சினையை எவரும் அவர்களுக்குப் புரியும்படி எடுத்துக் கூறவில்லை. சுவரில் தொங்கும் இன்வேர்ட்டர் என்ற பெட்டி வெறும் மின் உபகரணம் அன்று, அதுவும் ஒரு கணினியே என்பதும், அக்கணினிக்குள் இருக்கும் மென்பொருளே வலையமைப்புடன் அது எவ்வாறு நடந்துகொள்ள வேண்டும் என்பதைத் தீர்மானிக்கிறது என்பதும் பொதுமக்கள் மத்தியில் இன்னமும் சரிவர உணரப்படாத உண்மைகளாகும். இது குறித்து இன்று சற்று விரிவாக நோக்குவது பயனுடையது எனக் கருதுகிறோம்.

பெட்டிக்குள் நடப்பது என்ன?

கூரையில் உள்ள சூரியத் தகடுகள் உற்பத்தி செய்வது நேரோட்ட மின்சாரமாகும். எமது வீடுகளிலும் வீதிக் கம்பிகளிலும் ஓடுவதோ ஆடலோட்டமாகும். அதன் வோல்ற்றளவு 230, மீடிறன் விநாடிக்கு 50 சுற்றுகள் ஆகும். முதலாவதை இரண்டாவதாக மாற்றுவதே இன்வேர்ட்டரின் முதற் பணி. ஆனால் அதன் பணி அத்துடன் முடிந்துவிடுவதில்லை. வீதிக் கம்பியின் வோல்ற்றளவையும் மீடிறனையும் அது கணந்தோறும் அளந்துகொண்டே இருக்கிறது. அவை குறித்த எல்லைக்குள் இருந்தால் மட்டுமே மின்சாரத்தை வெளியே அனுப்புகிறது. எல்லை மீறினால் தன்னைத் தானே துண்டித்துக் கொள்கிறது.

நாடு முழுவதும் மின்தடை ஏற்படும்போது கூரையில் தகடுகள் இருந்தும் வீட்டில் மின்குமிழ் எரிவதில்லையே எனப் பலர் வியப்படைவதுண்டு. மின்கலமில்லாத சாதாரண தொகுதிகளில் இது பிழையன்று, பாதுகாப்பு ஏற்பாடாகும். வீதியில் மின்சாரம் இல்லை என நம்பிக் கம்பத்தில் ஏறும் ஊழியரை எமது வீட்டு மின்சாரம் கொன்றுவிடக் கூடாது என்பதற்காகவே இன்வேர்ட்டர் நின்றுவிடுகிறது.

எப்போது துண்டிப்பது, எவ்வளவு நேரம் பொறுத்துப் பார்ப்பது, எப்போது மீள இணைவது, வோல்ற்றளவு உயர்ந்தால் உடனே நின்றுவிடுவதா அல்லது உற்பத்தியைப் படிப்படியாகக் குறைப்பதா என்ற தீர்மானங்கள் யாவற்றையும் எடுப்பது பெட்டிக்குள் பதியப்பட்டுள்ள நிலையான மென்பொருளாகும். தொழில்நுட்பவியலாளர் இதனை ‘பேர்ம்வெயார்’ என்பர். தமிழில் நிலைபொருள் எனலாம். கையடக்கத் தொலைபேசியின் மென்பொருளை நாம் காலத்துக்குக் காலம் இற்றைப்படுத்துவது போன்று இதனையும் இற்றைப்படுத்த முடியும். சில வேளைகளில் இற்றைப்படுத்தியே ஆகவேண்டும். ஆனால் தொலைபேசியில் நேரும் தவறு ஒருவரைப் பாதிக்கும்; இன்வேர்ட்டரில் நேரும் தவறு அயலவரையும், ஆயிரக்கணக்கில் நேருமாயின் நாட்டையுமே பாதிக்கும்.

உலகம் கற்ற பாடங்கள்

இது மிகைப்படுத்தல் அன்று. ஜேர்மனியின் அனுபவம் இதற்குச் சிறந்த சான்றாகும். அந்நாட்டில் ஆரம்ப காலத்தில் பொருத்தப்பட்ட இன்வேர்ட்டர்கள், மீடிறன் 50.2 ஐத் தாண்டியதும் உடனடியாக விலகிவிட வேண்டும் என்ற விதிக்கு அமையத் தயாரிக்கப்பட்டிருந்தன. கூரைகளில் தொகுதிகள் குறைவாக இருந்த காலத்தில் அந்த விதி அறிவுபூர்வமானதாகவே தென்பட்டது. ஆனால் தொகுதிகளின் எண்ணிக்கை இலட்சக்கணக்கில் பெருகியபோது நிலைமை தலைகீழாக மாறியது. மீடிறன் அந்த ஒரு புள்ளியைத் தொட்டால், பல பெரிய மின் நிலையங்களுக்குச் சமமான மின்சாரம் ஒரே கணத்தில் வலையமைப்பிலிருந்து மறைந்துவிடும் என்ற ஆபத்து உருவாகியது. இதனால் 2012 ஆம் ஆண்டில் அந்நாடு ஒரு விசேட சட்ட விதியைக் கொண்டுவந்து, 3 இலட்சத்துக்கும் மேற்பட்ட தொகுதிகளின் அமைப்புகளை மாற்றியது. பல இன்வேர்ட்டர்களில் அது மென்பொருளையோ அதன் அளவுருக்களையோ மாற்றும் வேலையாகவே இருந்தது. செலவு வீட்டுக்காரர் தலையில் சுமத்தப்படாமல் மின் கட்டணங்களினூடாகப் பகிரப்பட்டது என்பது இங்கு குறிப்பிடத்தக்கது.

ஹவாயின் ஓவாஹூ தீவு எம்மைப் போன்றே பிற நாடுகளுடன் மின் இணைப்பு இல்லாத ஒரு தீவு. அங்கும் சிறிய தளம்பல்களுக்கே இன்வேர்ட்டர்கள் விலகிவிடும் பிரச்சினை எழுந்தது. 2015 ஆம் ஆண்டின் தொடக்கத்தில் சுமார் 8 இலட்சம் சிறு இன்வேர்ட்டர்களின் அமைப்புகள் ஒரே நாளில் இணையத்தின் ஊடாக மாற்றப்பட்டன. ஒரு தொழில்நுட்பவியலாளரேனும் ஒரு கூரையிலேனும் ஏற வேண்டியிருக்கவில்லை. ஜேர்மனிக்கு ஆண்டுக்கணக்கில் எடுத்த வேலை இங்கு ஒரு நாளில் முடிந்தமைக்குக் காரணம், எல்லாப் பெட்டிகளும் ஒரு நிறுவனத்துடன் இணையத்தால் தொடர்புபட்டிருந்தமையே.

கலிபோர்னியாவில் 2016 ஆகஸ்ட் 16 ஆம் திகதி காட்டுத்தீ ஒன்று உயர் அழுத்த மின் கம்பிகளைப் பாதித்தது. அப்போது பெரிய சூரிய மின் நிலையங்களில் இருந்து ஏறத்தாழ 1200 மெகாவாற்று மின்சாரம் சடுதியாக இல்லாமற் போயிற்று. ஆராய்ந்து பார்த்தபோது, அதில் பெரும் பகுதி மீடிறனைத் தவறாகக் கணித்தமையால் நேர்ந்தது எனத் தெரியவந்தது. மீடிறன் உண்மையில் அவ்வளவு வீழ்ச்சியடையவில்லை. அலையின் வடிவம் ஒரு கணம் சிதைந்ததை, மீடிறன் வீழ்ந்துவிட்டதாக இன்வேர்ட்டர்கள் பிழையாக விளங்கிக் கொண்டன. இதற்கான பரிகாரம் புதிய இயந்திரமன்று. அவசரப்பட்டு விலகாமல் சில விநாடிகள் பொறுத்துப் பார்க்குமாறு மென்பொருளுக்குக் கற்பிப்பதே பரிகாரமாயிற்று.

இலங்கைக்கு இந்தப் பாடங்கள் நேரடியாகப் பொருந்தும். நீர் மின் நிலையங்களிலும் அனல் மின் நிலையங்களிலும் சுழலும் பாரிய உருளிகளுக்குச் சடத்துவம் உண்டு. ஓடும் பாரவூர்தி உடனே நின்றுவிடாதது போல, ஒரு கோளாறு நேர்ந்தாலும் அவை சில விநாடிகள் மீடிறனைத் தாங்கிப் பிடிக்கின்றன. சூரியத் தகட்டில் சுழல்வது எதுவுமில்லை. ஆகவே வெயில் மிகுந்த, தேவை குறைந்த ஞாயிற்றுக்கிழமையொன்றில் வலையமைப்பின் சடத்துவம் குன்றிவிடுகிறது. அவ்வேளையில் கோளாறு ஒன்று நேர்ந்து, கூரைகளில் உள்ள இன்வேர்ட்டர்களும் ஒருசேர விலகுமாயின் விழுந்தவனை மாடேறி மிதித்த கதையாகிவிடும். மாறாக, அவை சற்றுப் பொறுத்திருந்து தாங்கிப் பிடிக்குமாயின் வலையமைப்பு தப்பிக்க இடமுண்டு. இந்த இரண்டில் எது நடக்கும் என்பதை நிர்ணயிப்பதில் பெட்டிக்குள் இருக்கும் நிலைபொருளுக்கும் அதன் அளவுருக்களுக்கும் பெரும் பங்குண்டு.

நண்பகல் வேளையில் நிற்கும் இயந்திரம்

2010 ஆம் ஆண்டில் நிகர மின்மானி முறை இங்கு அறிமுகமாகியது. 2016 ஆம் ஆண்டில் ‘சூரிய பல சங்ராமய’ திட்டம் ஆரம்பிக்கப்பட்டது. அதன் பின்னர் யாழ்ப்பாணம் முதல் அக்கரைப்பற்று வரை, மன்னார் முதல் மாத்தறை வரை வீடுகளிலும் பாடசாலைகளிலும் ஆலயங்களிலும் பள்ளிவாசல்களிலும் கடைத் தொகுதிகளிலும் தகடுகள் பெருகியுள்ளன. இவற்றுட் பல வங்கிக் கடனில் பொருத்தப்பட்டவை. மாதாந்தம் மின் விநியோக நிறுவனத்திடமிருந்து கிடைக்கும் பணமே தவணையைக் கட்ட உதவுகிறது. எனவே இன்வேர்ட்டர் ஒரு நாள் நின்றாலும் அது குடும்பத்தின் வரவு செலவில் பிரதிபலிக்கிறது.

இத்தகைய வீடுகளில் பரவலாகக் கேட்கப்படும் முறைப்பாடு, நண்பகலில் இன்வேர்ட்டர் அடிக்கடி நின்றுவிடுகிறது என்பதாகும். எமது நாட்டில் வீட்டு மின்சாரத்தின் வோல்ற்றளவு 230 இலிருந்து நூற்றுக்கு 6 வீதம் கூடலாம் அல்லது குறையலாம் என்பது விதி. அதாவது உச்ச அளவு ஏறத்தாழ 244 ஆகும். மின்மாற்றியிலிருந்து வெகு தொலைவில், ஒரே கம்பியில் பத்து வீடுகள் மின்சாரத்தைத் திருப்பி அனுப்பினால் அந்தக் கம்பியின் வோல்ற்றளவு உயர்ந்துவிடுகிறது. எல்லையைத் தாண்டியதும் இன்வேர்ட்டர் நின்றுவிடுகிறது.

இதற்குச் சில தொழில்நுட்பவியலாளர் கையாளும் குறுக்கு வழியொன்று உண்டு. ‘சொஃப்ட்வெயாரைச் சரிசெய்து தருகிறோம்’ என்று கூறி, இன்வேர்ட்டரின் உச்ச எல்லையை 260 போன்ற ஓர் அளவுக்கு உயர்த்திவிடுகின்றனர். அல்லது, உயர்ந்த எல்லையை அனுமதிக்கும் வேறொரு நாட்டின் விதித் தொகுப்பைத் தெரிவு செய்துவிடுகின்றனர். மறுநாள் முதல் இயந்திரம் நிற்பதில்லை. வீட்டுக்காரர் மகிழ்ச்சியடைகிறார். ஆனால் அதே கம்பியில் இணைந்துள்ள அயல் வீட்டுக் குளிர்சாதனப் பெட்டியும் மின்விசிறியும் தொலைக்காட்சியும் அந்த மிகை வோல்ற்றளவைச் சுமக்கின்றன. அயல் வீட்டார் தகடு பொருத்தாதவர், பெரும்பாலும் அதற்கு வசதியற்றவர். தமது உபகரணம் ஏன் பழுதடைந்தது என்பதே அவருக்குத் தெரியாது. எமது வருமானத்துக்காக அயலவர் இழப்பைச் சுமப்பது எந்த நியாயத்துக்கும் பொருந்தாது. இது மின் விநியோக நிறுவனத்துடன் செய்துகொண்ட உடன்படிக்கைக்கும் முரணானது.

நேர்மையான வழி வேறு. முதலில் வோல்ற்றளவு பற்றி விநியோக நிறுவனத்துக்கு எழுத்து மூலம் முறையிட வேண்டும். மின்மாற்றியின் அமைப்பை மாற்றுவது, தடித்த கம்பி இடுவது, வீடுகளை மூன்று கட்டங்களுக்கும் சமமாகப் பகிர்வது ஆகியவை அவர்கள் செய்யக்கூடியவை. அடுத்து, இன்வேர்ட்டருக்கான புதிய நிலைபொருளில் வோல்ற்றளவு உயரும்போது உற்பத்தியைப் படிப்படியாகக் குறைக்கும் வசதி உள்ளதா எனப் பார்க்கலாம். முற்றாக நின்று ஐந்து நிமிடங்கள் கழித்து மீள ஆரம்பிப்பதை விட, நூற்றுக்கு 80 வீதத்தில் தொடர்ந்து ஓடுவது வீட்டுக்கும் இலாபம், ஊருக்கும் நன்மை. இவ்வசதி எந்த அளவில் இயங்க வேண்டும் என்பதை விநியோக நிறுவனத்தின் அனுமதியுடனேயே தீர்மானிக்க வேண்டும்.

இற்றைப்படுத்த முன்னர்

கிழக்கு மாகாண நகரொன்றில் வசிக்கும் எமது நண்பரொருவர் ஓய்வுபெற்ற ஆசிரியர். தமது 5 கிலோவாற்று இன்வேர்ட்டருக்குப் புதிய நிலைபொருள் வந்திருப்பதாகத் தொலைபேசிச் செயலி காட்டியதும், ஒரு மாலை ஐந்தரை மணியளவில் பொத்தானை அழுத்திவிட்டார். மழை இருட்டு. வேலை பாதியில் இருக்கும்போது தகடுகளில் இருந்து வந்த மின்சாரம் அற்றுப் போயிற்று. மறுநாள் காலை இயந்திரம் விழிக்கவில்லை. பொருத்திக் கொடுத்த நிறுவனம் கடையை மூடி ஓராண்டு கடந்திருந்தது. கொழும்பிலிருந்து ஒருவரை வரவழைத்து அதனை உயிர்ப்பிக்க மூன்று வாரங்களாயின. நாளொன்றுக்கு 18 முதல் 20 அலகுகள் வரை உற்பத்தி செய்யும் தொகுதி அது. அந்த மாதத் தவணையை அவர் ஓய்வூதியத்திலிருந்தே கட்ட நேர்ந்தது. அவர் செய்த தவறு அறியாமையே அன்றி வேறில்லை. அந்த அறியாமையை நீக்கும் கடமை யாருக்கு இருந்தது என்பதே எமது கேள்வி.

அவரது அனுபவத்திலிருந்து வாசகர்கள் சில விடயங்களை மனங்கொள்வது நல்லது.

முதலாவதாக, தேவையின்றி இற்றைப்படுத்த வேண்டியதில்லை. பாதுகாப்புக் குறைபாடு ஒன்றை நீக்குவதற்காகவோ, அறியப்பட்ட கோளாறொன்றைச் சரிசெய்வதற்காகவோ, புதிய மின்கலமொன்றை இணைப்பதற்காகவோ, அல்லது விநியோக நிறுவனம் கேட்டுக் கொண்டதற்காகவோ இற்றைப்படுத்துவது தகும். ‘புதியது வந்துள்ளது’ என்பது மட்டும் காரணமாகாது. புதிய பதிப்பில் என்ன மாற்றப்பட்டுள்ளது என்பதைத் தயாரிப்பாளரின் குறிப்பில் வாசித்தறிய வேண்டும். பழைய பதிப்புக்குத் திரும்பிச் செல்லும் வசதி பல இன்வேர்ட்டர்களில் உரிமையாளருக்கு வழங்கப்படுவதில்லை.

இரண்டாவதாக, ஒரு பெட்டிக்குள் ஒரு மென்பொருள் மட்டும் இருப்பதாக எண்ணக் கூடாது. மின்மாற்றத்தைக் கட்டுப்படுத்துவது ஒன்று, திரையையும் தொடர்பாடலையும் கவனிப்பது மற்றொன்று, இணையத்துக்குத் தகவல் அனுப்பும் சிறு கருவிக்கு வேறொன்று, மின்கலம் இருந்தால் அதற்கு இன்னொன்று என அவை பலவகைப்படும். எதை முதலில் மாற்றுவது என்ற ஒழுங்கும் சில தயாரிப்புகளில் முக்கியமானது. மாதிரி இலக்கத்தில் ஓர் எழுத்து வேறுபட்டாலும் கோப்பு பொருந்தாமற் போகலாம். ஆகவே பெட்டியின் பக்கத்தில் ஒட்டப்பட்டுள்ள மாதிரி இலக்கத்தையும் தொடர் இலக்கத்தையும் குறித்துக்கொண்டு, தயாரிப்பாளரிடமிருந்தோ அதிகாரம் பெற்ற முகவரிடமிருந்தோ மட்டுமே கோப்பைப் பெற வேண்டும். முகநூற் குழுவொன்றில் எவரோ பகிர்ந்த கோப்பைப் பயன்படுத்துவது, முகவரியற்ற மருந்துக் குப்பியிலிருந்து மருந்து குடிப்பதற்கு ஒப்பாகும்.

மூன்றாவதாக, ஆரம்பிக்கும் முன்னர் இன்வேர்ட்டரின் எல்லா அமைப்புகளையும் தொலைபேசியில் படம் பிடித்து வைத்திருக்க வேண்டும். எந்த நாட்டு விதித் தொகுப்பு தெரிவு செய்யப்பட்டுள்ளது, வோல்ற்றளவின் மேல் எல்லையும் கீழ் எல்லையும் என்ன, மீடிறன் எல்லைகள் என்ன, மீள இணைவதற்கான நேரம் எவ்வளவு, வெளியே அனுப்பும் உச்ச அளவு எவ்வளவு, மின்கலத்தின் வகையும் மின்னேற்ற எல்லையும் என்ன என்பவை அவற்றுள் முக்கியமானவை. சில இற்றைப்படுத்தல்களின் பின்னர் இவை தொழிற்சாலை நிலைக்குத் திரும்பிவிடக் கூடும். மின்கலத்தின் வகை தவறாகப் பதிவாகியிருந்தால் அதிக விலை கொடுத்து வாங்கிய மின்கலமே பழுதடைய நேரிடும்.

நான்காவதாக, நேரம். மின்கலமில்லாத பல இன்வேர்ட்டர்கள் தமக்குத் தேவையான மின்சாரத்தைத் தகடுகளிலிருந்தே பெறுகின்றன. எனவே மேகமற்ற நாளொன்றின் முற்பகல் வேளையே பொருத்தமானது. மாலை வேளையும் மழைக்காலமும் உகந்தவையல்ல. மின்வெட்டு அறிவிக்கப்பட்டுள்ள நாளையும் தவிர்க்க வேண்டும். மின்கலத் தொகுதியாயின் மின்கலத்தில் போதிய மின்னேற்றம் இருக்க வேண்டும். அவ்வேளையில் வீட்டுக்கான மாற்று மின்சாரமும் சிறிது நேரம் நின்றுவிடலாம் என்பதால், ஒட்சிசன் கருவி போன்றவற்றை நம்பியுள்ள நோயாளர் வீட்டில் இருந்தால் முன்னேற்பாடு அவசியம்.

ஐந்தாவதாக, வேலை நடந்துகொண்டிருக்கும்போது எதையும் தொடக் கூடாது. சில நிமிடங்கள் முதல் ஒரு மணித்தியாலம் வரை செல்லலாம். திரை அணைந்து மீள எரிவது வழமையே. அச்சமடைந்து ஆளியை நிறுத்துவதே பல இன்வேர்ட்டர்களைச் செயலிழக்கச் செய்யும் தவறாகும். பெட்டியின் மூடியைக் கழற்றுவதோ கம்பிகளைத் தொடுவதோ வீட்டுக்காரரின் வேலையன்று. தகடுகளிலிருந்து வரும் நேரோட்டத்தின் வோல்ற்றளவு பல நூறாக இருக்கும். வீட்டின் பிரதான ஆளியை நிறுத்தினாலும் பகலில் அது அற்றுப் போவதில்லை.

ஆறாவதாக, முடிந்த பின்னர் பதிப்பு இலக்கத்தைச் சரிபார்த்து, படம் பிடித்து வைத்த அமைப்புகளுடன் ஒவ்வொன்றாக ஒப்பிட வேண்டும். இன்வேர்ட்டரின் நாளும் நேரமும் சரியா எனவும் நோக்க வேண்டும். பின்னர் ஒரு வார காலம் நாளாந்த உற்பத்தியைக் குறித்து, முன்னைய நல்ல வெயில் நாட்களுடன் ஒப்பிட வேண்டும். அமைப்புகளில் வேறுபாடு காணப்பட்டால் தாமே திருத்த முற்படாமல் முகவருக்கு அறிவித்தல் வேண்டும்.

திறப்பு யார் கையில்?

மற்றுமொரு விடயம் இதனினும் பாரதூரமானது. ஓவாஹூவில் 8 இலட்சம் இன்வேர்ட்டர்களை ஒரே நாளில் திருத்த முடிந்தது என்றால், தீய நோக்குடைய ஒருவர் அதே வழியில் அவற்றை ஒரே நாளில் கெடுக்கவும் முடியும் அல்லவா? 2024 நவம்பரில் அமெரிக்கா உள்ளிட்ட சில நாடுகளில் ஒரு தயாரிப்பாளரின் இன்வேர்ட்டர்கள், விற்பனை உரிமை தொடர்பான சர்ச்சையின் மத்தியில் தூரத்திலிருந்து முடக்கப்பட்டன. பணம் கொடுத்து வாங்கியவர்கள் செய்வதறியாது நின்றனர். 2025 மார்ச்சில் இணையப் பாதுகாப்பு ஆய்வாளர்கள் உலகின் மூன்று முன்னணித் தயாரிப்பாளர்களின் சூரிய மின் தொகுதிகளில் 46 பாதுகாப்புக் குறைபாடுகளைக் கண்டறிந்து வெளியிட்டனர். லிதுவேனியா 2024 ஆம் ஆண்டிலேயே, 100 கிலோவாற்றுக்கு மேற்பட்ட தொகுதிகளைச் சீனா போன்ற நாடுகளிலிருந்து தூரக் கட்டுப்பாடு செய்வதைத் தடுக்கும் சட்டத்தை நிறைவேற்றியது.

இவற்றைக் கண்டு இணையத் தொடர்பையே துண்டித்துவிடலாம் எனச் சிலர் எண்ணக் கூடும். அவ்வாறு செய்தால் பாதுகாப்புக் குறைபாடுகளை நீக்கும் இற்றைப்படுத்தல்களும் வந்து சேராது, பழுது நேர்ந்தாலும் தெரியவராது. மாறாக, வீட்டுக்காரர் சில எளிய காரியங்களைச் செய்யலாம். பெட்டியுடன் வந்த தொழிற்சாலைக் கடவுச்சொல்லை மாற்றலாம். வைஃபை கருவியின் கடவுச்சொல்லையும் மாற்றலாம். இவற்றைவிட முக்கியமானது, இணையக் கணக்கின் உரிமை யாரிடம் உள்ளது என்பதைக் கேட்டறிவதாகும். பல வீடுகளில் கணக்கு பொருத்துநரின் பெயரிலேயே இருக்கிறது. உரிமையாளர் பார்வையாளர் மட்டுமே. கம்பனி மூடப்பட்டாலோ, ஊழியர் விலகிச் சென்றாலோ, வீட்டின் மின் நிலையத்தைத் திறக்கும் திறப்பு எவர் கையிலோ போய்விடுகிறது. வீட்டைக் கட்டிய மேசன் வாசற் திறப்பைத் தானே வைத்திருப்பதற்கு நாம் இடமளிப்பதில்லை. இதற்கு மட்டும் ஏன் இடமளிக்க வேண்டும்?

பொறுப்பைப் பகிர்தல்

வீட்டுக்காரருக்கு அறிவுரை கூறுவதுடன் இக்கட்டுரையை முடித்துக் கொள்வது நேர்மையாகாது. ஒரு குடும்பத் தலைவியோ ஓய்வுபெற்ற ஆசிரியரோ மீடிறன் எல்லைகளைக் கற்றுத் தேற வேண்டும் என எதிர்பார்ப்பது நியாயமன்று. விற்பவருக்கும் ஆள்வோருக்கும் இதில் பெரும் பொறுப்புண்டு.

தொகுதியை விற்கும் நிறுவனங்கள் பொருத்திய நாளிலேயே அமைப்புகளின் எழுத்துமூலப் பதிவையும் கணக்கின் உரிமையையும் கடவுச்சொற்களையும் உரிமையாளரிடம் கையளிக்க வேண்டும். உத்தரவாதக் காலம் முழுவதும் தேவையான இற்றைப்படுத்தல்களை இலவசமாகச் செய்து கொடுப்பது ஒப்பந்தத்தின் பகுதியாக இருக்க வேண்டும். அறிவுறுத்தல்கள் தமிழிலும் சிங்களத்திலும் தரப்பட வேண்டும். ஆங்கிலத்தில் மட்டும் தோன்றும் எச்சரிக்கையை வாசிக்க முடியாமல் ‘சரி’ என்ற பொத்தானை அழுத்துவோரே எம்மவரில் அதிகம்.

மின் விநியோக நிறுவனங்கள், ஒவ்வொரு கூரையிலும் உள்ள இன்வேர்ட்டரின் மாதிரியையும் நிலைபொருளின் பதிப்பையும் விதித் தொகுப்பையும் பதிவு செய்து பேண வேண்டும். எத்தனை இன்வேர்ட்டர்கள் எந்த மீடிறனில் விலகும் என்பதை அறியாமல் ஒரு வலையமைப்பை நடத்துவது, எத்தனை பயணிகள் ஏறியுள்ளனர் என்பதை அறியாமல் படகைச் செலுத்துவதற்கு ஒப்பானது. அமைப்புகளை மாற்ற வேண்டிய தேவை நாட்டின் நலனுக்காக எழுமாயின், ஜேர்மனி செய்தது போன்று அதற்கான செலவைப் பொதுவில் பகிர்வதே முறையாகும். இன்வேர்ட்டர்களை நுண்ணறிவுடன் இயங்கச் செய்து தேவையான வேளையில் மட்டும் உற்பத்தியைச் சற்றுக் குறைக்க வைப்பது, அனைவரையும் பகல் முழுவதும் நிறுத்தி வைக்குமாறு கோருவதிலும் பார்க்கச் சிறந்தது. அவ்வாறு குறைக்கப்படும் அலகுகளுக்கு உரிய இழப்பீடு பற்றியும் வெளிப்படையாகப் பேசப்பட வேண்டும். பொதுப் பயன்பாடுகள் ஆணைக்குழு போன்ற ஒழுங்குபடுத்தும் அமைப்புகள் இவ்விடயத்தில் விற்பனையாளரையும் விநியோகத்தரையும் நெறிப்படுத்தக் கடமைப்பட்டுள்ளன.

மின் வலையமைப்பின் அருமை வடக்கு, கிழக்கு மக்களுக்குப் புதிதாகக் கற்பிக்கப்பட வேண்டியதொன்றன்று. போர்க் காலத்தில் தேசிய மின் வலையமைப்பிலிருந்து துண்டிக்கப்பட்டிருந்த யாழ் குடாநாட்டில், போத்தல் விளக்கின் ஒளியில் பரீட்சைக்குப் படித்த தலைமுறையொன்று இன்று தனது கூரையில் மின்சாரத்தை உற்பத்தி செய்கிறது. ஒரு காலத்தில் கம்பியின் மறுமுனையில் காத்திருந்தவர்கள் இன்று அதே கம்பிக்கு மின்சாரம் வழங்குவோராகியுள்ளனர். இது மகிழ்ச்சிக்குரிய மாற்றமாகும். எனினும் வழங்குவோர் என்ற நிலை ஒரு பொறுப்பையும் கூடவே கொண்டு வருகிறது.

கூரைமேல் உள்ள தகடு எமது தனிச் சொத்து. அது இணைந்திருக்கும் கம்பியோ ஊரின் பொதுச் சொத்து. அந்த இரண்டுக்கும் இடையில் சுவரில் தொங்கும் சிறு பெட்டி ஒழுங்காக நடந்துகொள்கிறதா என்பதை இன்றே கேட்டறிவது ஒவ்வொரு உரிமையாளரினதும் கடமையாகும். அக்கேள்விக்கு விளங்கும் மொழியில் விடையளிப்பது விற்றவரினதும் விநியோகத்தரினதும் கடமையாகும். அடுத்த முறை எங்கோ ஓர் உப மின் நிலையத்தில் கோளாறு நேரும்போது, அது ஓர் ஊரின் சில நிமிட மின்தடையுடன் முடிவதா அல்லது முழு நாட்டின் இருளாக விரிவதா என்பதில் எமது வீட்டுச் சுவருக்கும் ஒரு பங்குண்டு. சம்பந்தப்பட்ட சகலரும் இதனைக் காலந்தாழ்த்தாது கவனத்திற் கொள்வார்கள் என எதிர்பார்க்கிறோம்.